அந்த ஊசியை மேசைமேல் வையுங்கள்

சென்னைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், ஆண்டுதோறும் 'பண்பாட்டு நாள்' நடத்தும் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரத்துக் கல்லூரிகளில் சமூகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே வரும் பாடம் 'பண்பாடு: பொருளும் இயல்புகளும்'. கற்றுப் பெறுவது, பகிர்ந்துகொள்வது, தலைமுறை தாண்டிப் போவது, மாறுவது என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அவர்களும் எழுதிக்கொண்டுபோய்த் தேர்வில் அப்படியே திருப்பி எழுதுவார்கள். அந்தப் பாடத்தின் கனம், சென்ற மாதம் என் பேத்தி பள்ளியிலிருந்து முகம் வாடித் திரும்பிய அன்றுதான் எனக்கே முழுதாக உறைத்தது.

அவள் ஏழாம் வகுப்பு. பண்பாட்டு நாளுக்கு முன்பு வீட்டுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண் பிள்ளைகள் பட்டுப் பாவாடை, பையன்கள் வேட்டி. 'நம் பண்பாட்டைக் காட்டும்' பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். மேடை நிகழ்ச்சிக்குப் பரதம் அல்லது கர்நாடக இசை. கானா, சினிமாப் பாட்டு வேண்டாம். பேத்தி எங்கள் வீட்டு வெண்கலப் பானையை எடுத்துப் போனாள். அதில் இப்போது யாரும் பொங்குவதில்லை. பரண்மேல் கிடந்ததைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அதற்கு மேசையில் நல்ல இடம் கிடைத்தது.

அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். தாத்தாவின் வலை ஊசியை அவள் கொண்டுவந்திருக்கிறாள். மூங்கிலில் சீவியது, கை பட்டுப் பட்டு வழவழப்பு ஏறியது, நூல் சுற்றியபடியே இருந்ததாம். மேசையில் வைக்கப் போனவளை நிறுத்தி, "இது தொழில் சாமான்மா. பண்பாட்டுப் பொருள் கொண்டுவரச் சொன்னோமே, வீட்டில் குத்துவிளக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் பதில் பேசாமல் ஊசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். அதனால்தான் பள்ளியின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. வேறொரு பள்ளியிலும் இது நடந்திருக்கும். ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பண்பாடு என்பதற்கு விளக்கம் கேட்டால் யாரும் திணறுவார்கள். 1952இல் குரோபர், குளுக்கோன் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் அதுவரை அறிஞர்கள் கொடுத்திருந்த விளக்கங்களைத் திரட்டிப் பார்த்தார்கள், 164 கிடைத்தன. நான் வகுப்பில் எப்போதும் தொடங்குவது 1871இல் எட்வர்ட் டைலர் சொன்னதிலிருந்து. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகியவற்றோடு, சமூகத்தில் ஒருவனாக இருப்பதால் மனிதன் பெறுகிற மற்றத் திறன்களும் பழக்கங்களும் சேர்ந்த முழுமையே பண்பாடு என்றார் அவர். திறன்களும் பழக்கங்களும் என்று சொல்லிவிட்ட பிறகு வலை பின்னுவதை எங்கே நிறுத்தி வைப்பது?

நம் மொழியிலும் பார்ப்போம். 'பண்பாடு' இந்தப் பொருளில் வழங்குவது இருபதாம் நூற்றாண்டில்தான், ரசிகமணி டி.கே.சி. அதை வழக்குக்குக் கொண்டுவந்ததாகத் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை குறித்திருக்கிறார். ஆனால் அதன் வேர் பழையது. நிலத்தை உழுது, எருவிட்டு, விதைக்கத் தகுதியாக்குவதைப் பண்படுத்துவது என்கிறோம். லத்தீனிலும் 'கல்ச்சர்' என்ற சொல்லின் மூலம் உழவுதான். மண்ணில் இறங்கி வேலை செய்த கைகளிடமிருந்து வந்த சொல்லை வைத்துக்கொண்டு, உழைக்கும் கருவியை 'தொழில் சாமான்' என்று ஒதுக்கிவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

பண்பு என்பதற்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரி உண்டு: 'பண்பு எனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்.' உங்கள் பள்ளிச் சுவர்களில்கூட எழுதியிருப்பீர்கள். அது கலித்தொகையின் 133ஆம் பாட்டில், நெய்தல் கலியில் வருகிறது. மணல் மேட்டில் முண்டகமும் தில்லையும் பூத்திருக்கும் கடற்கரையில், தலைவனுக்கு அவன் கடமையை எடுத்துச் சொல்லும் தோழியின் வாக்கு. பண்பாட்டைப் பற்றி நாம் மேற்கோள் காட்டும் மிகப் பழைய வரிகளில் ஒன்று நெய்தல் நிலத்துப் பாட்டிலிருந்து வந்தது. அந்த நிலத்துப் பிள்ளையிடம்தான் பண்பாட்டுப் பொருள் இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

இனி, கற்றுப் பெறுவது என்ற இயல்பு. பாடத்தில் ஒரு வரியாக வரும் இதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும் குழந்தை 'போறேன்' என்றால் நாம் உடனே திருத்துவோம்: "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு." எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரும் விளக்குவதும் இல்லை. பேச்சு வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளை பிடித்துக்கொள்கிறது. போகிறவர் திரும்பி வர வேண்டும் என்ற ஆசையும், திரும்பாமல் போனவர்களைப் பற்றிய நினைவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. விடிவதற்கு முன்பே கடலுக்குப் போகிற வீட்டில் அதற்கு எடை இன்னும் கூடுதல். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். காகிதமும் மையும் உலகம் முழுக்கக் காகிதமும் மையும்தான். அதைக் கண்ணில் ஒற்ற வேண்டிய பொருளாக்கியது நாம் சேர்ந்து வைத்துக்கொண்ட அர்த்தம்.

தூக்கணாங்குருவிக்குக் கூடு கட்டும் திறன் பெரும்பாலும் பிறப்போடு வருகிறது. வலை முடிச்சு எந்தக் குழந்தைக்கும் பிறப்போடு வருவதில்லை. மீனவர் வீட்டில் பிறந்த குழந்தையை வெற்றிலை விவசாயி வீட்டில் வளர்த்தால் அதற்குக் கொடிக்கால் கட்டத் தெரிந்திருக்கும், வலை கட்டத் தெரியாது. ஆனாலும் நம் வாயில் என்ன வருகிறது? "அது அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்கிறோம். பாடுகிறவர் வீட்டுப் பிள்ளை பாடினாலும் சொல்கிறோம், மீனவர் பிள்ளை நீந்தினாலும் சொல்கிறோம். பாராட்டுப் போலத்தான் தோன்றுகிறது. அதற்குள்ளே சாதி உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஒருத்தி பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றதும், இன்னொருவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு தொழில் ஒரு சாதிக்கு விதித்தது என்ற பொய்யும் நின்றுவிடும். ஆசிரியர்களான நீங்களும் நானும் இதை மட்டுமாவது வகுப்பில் விடாமல் திருத்த வேண்டும்.

கற்பித்தல் எவ்வளவு பழையது என்பதற்குச் சென்னைப் பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார்; இந்தியாவின் பழங்கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. கொசத்தலையாற்றுப் படுகையில், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றுவதற்கே வெகு முன்பு. எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகத்தில் அடித்தால் கல் செதில் செதிலாகப் பெயரும் என்பது, செய்கிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் கைவராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய் அதையெல்லாம் பண்பாடு என்று காட்டுகிறோம். அவையும் தொழில் சாமான்களே.

மாறுவது என்ற இயல்புக்கு வருகிறேன். உங்கள் மேடையில் உயர்ந்த இடம் பெறும் பரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு முன் இதே நகரத்தில் அதன் பெயர் சதிர். மரியாதைப்பட்ட வீட்டுப் பெண்கள் பார்க்கக்கூடத் தயங்கிய ஆட்டம். பரம்பரையாக ஆடிவந்த இசை வேளாளர் பெண்களைச் சமூகம் இழிவாகப் பேசிற்று. 1930களின் தொடக்கத்தில் மியூசிக் அகாதமி அதற்கு மேடை கொடுத்தது, வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர் அதற்காக வாதாடினார். பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டத்தை நான் மதித்தே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஆட்டம் மேடையேறியபோது, அதைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களில் பெரும்பாலோர் மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். பாலசரஸ்வதி போல ஒரு சிலர்தான் தாக்குப்பிடித்தார்கள். 1973இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

அன்று 'இது நம் பண்பாடு இல்லை' என்று தீர்ப்புச் சொன்னவர்களும் படித்தவர்கள்தான், நல்லெண்ணம் உள்ளவர்கள்தான். இன்று கானாவைப் பற்றிச் சுற்றறிக்கையில் எழுதியிருக்கும் வரியைப் படித்தபோது எனக்கு அந்தத் தீர்ப்பு ஞாபகம் வந்தது. வடசென்னையில் சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து, செத்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டிப் பாடுகிறார்கள். துக்கத்தை ஊரோடு பகிர்ந்துகொள்ள ஏழை வீடுகள் கண்டுபிடித்த வழி அது. பிள்ளைகள் மேடையில் எல்லாக் கானாவையும் பாடட்டும் என்று நான் சொல்லவில்லை. எதைப் பாடலாம் என்று நீங்கள் தேர்ந்தெடுங்கள். பண்பாட்டுக்கு வெளியே தள்ளாதீர்கள்.

பண்பாடுகள் கலப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. மிளகு போல உறைக்கும் காய் என்று நாம் பெயர் வைத்தோம். அது இல்லாத சாம்பாரை யாராவது நினைக்க முடியுமா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாமல் மார்கழிக் கச்சேரி இல்லை. ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்த்துக்கீசியம். 'உஷாரும்' 'பேஜாரும்' உருது. பர்மாவிலிருந்து 1960களில் வீடு வாசலை விட்டுத் திரும்பிய தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் போட்ட அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி கைச் சமையல். நம்மிடமிருந்தும் போயிருக்கிறது: கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டுபோனார்கள். அதுவும் அந்தக் குப்பத்துத் தாத்தாக்களின் சொல்தான்.

ஊசியைக் கொண்டுவந்த பெண்ணின் தாத்தாவை நான் போய்ப் பார்த்தேன். என் பேத்திதான் கூட்டிக்கொண்டு போனாள். மாலை வெயிலில் படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பருத்தி நூல் வலையாம். ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காவிட்டால் இற்றுப்போகும். பிறகு நைலான் வந்தது. இப்போது வலைத்துணியை மெஷினில் பின்னியதாகவே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் மிதவை கோப்பதும், ஈயக் குண்டு கட்டுவதும், பாறையில் சிக்கிக் கிழிந்த இடத்தைக் கண் கண்ணாக அடைப்பதும் கையால்தான். கவலை மீனுக்கு ஒரு கண் அளவு, வஞ்சிரத்துக்கு வேறு. கண் சிறுத்தால் குஞ்சும் மாட்டும், குஞ்சு போனால் அடுத்த வருஷம் கடல் காலி என்றார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைப்பக்கம் வரும் என்று அவர் சொன்னதை நான் பாதிதான் புரிந்துகொண்டேன். பொருளும் அதனோடு ஒட்டிய அறிவும், அறிவோடு ஒட்டிய ஒழுக்கமும் அந்த ஒரு ஊசியில் இருந்தன. பொருள்சார் பண்பாடு, பொருள்சாராப் பண்பாடு என்று நான் முப்பது வருடம் இரண்டு பத்தியாகப் பிரித்துக் கொடுத்ததை அவர் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருந்தார்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். "எங்க ஆயாதான்" என்றார். பாட்டி. நான் அப்பாவையோ தாத்தாவையோ சொல்வார் என்று எண்ணியிருந்தேன். அப்பா கடலுக்குப் போன நேரத்தில் ஆயாதான் வலையடைக்கச் சொல்லித் தந்தாராம். இப்போது அவர் பேத்திக்குச் சொல்லித் தருகிறார்.

இங்கே ஒரு கேள்வி வரும்; என் மாணவர்களும் கேட்பார்கள். வீட்டில் கற்றதெல்லாம் பண்பாடு என்றால், வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைப்பதும் பண்பாடுதானே? ஆமாம், அதுவும் கற்றதுதான். இந்தச் சென்னையில், படித்த வீடுகளில், பால்கனி ஓரத்தில் அந்தத் தனி டம்ளர் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அதையும் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். பண்பாடு என்ற சொல்லுக்கு நல்லது என்ற அர்த்தம் தானாக வந்துவிடாது. கற்றதை மறக்க வைக்கவும் முடியும் என்பதால்தான் நமக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கிறது. எந்தப் பழக்கம் யாரையாவது சிறுமைப்படுத்துகிறது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் காட்சி மேசைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அன்று அங்கே ஒரு பிள்ளையின் முகம் சிறுத்துப்போனது.

நெய்தல் கலியின் அதே பாட்டில், 'பண்பு' வரிக்குச் சற்று முன்னால் இன்னொரு வரி: 'ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்.' 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தபோது, மாடியில் நின்று கூப்பிட்டவர்களை மீட்கக் குப்பத்து மீனவர்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்தார்கள். யார் வீடு, என்ன சாதி, தங்களை முன்பு எப்படி நடத்தினார்கள் என்று கேட்டு ஏற்றவில்லை. கடலில் தத்தளிப்பவரை விட்டுவிட்டு வரக்கூடாது என்று வீட்டில் கற்றவர்கள் தெருவிலும் அதையே செய்தார்கள். பாடறிந்து ஒழுகுதலுக்கு என் வாழ்நாளில் நான் பார்த்த பெரிய உதாரணம் அது. அதை எந்தப் பண்பாட்டு நாளிலும் எந்தப் பிள்ளையும் நடித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. பண்பாட்டு நாளை நிறுத்தச் சொல்லவில்லை. குத்துவிளக்கும் பட்டுப் பாவாடையும் இருக்கட்டும், அவையும் நம்முடையவைதான். சுற்றறிக்கையில் 'பண்பாட்டைக் காட்டும் பொருள்' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, 'உன் வீட்டில் யாரிடமிருந்து எதைக் கற்றாய்? அதை வகுப்புக்குக் கற்றுக்கொடு' என்று எழுதுங்கள். ஒரு பிள்ளை சிக்குக் கோலத்துப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவரும். இஸ்திரி வண்டிக்காரர் மகன், கரியின் சூட்டைத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது எப்படி என்று காட்டுவான். திருவல்லிக்கேணியிலிருந்து வருகிற பெண் நோன்புக் கஞ்சியின் பக்குவம் சொல்லுவாள். வியாசர்பாடிப் பையனுக்குப் பந்து அடிக்கச் சொல்லித் தந்த அண்ணன்களைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். இதற்குப் பரிசு வைக்காதீர்கள். முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசை போட்டால் மறுபடியும் வெண்கலப் பானைதான் ஜெயிக்கும். முடிந்தால் கற்றுக்கொடுத்த பெரியவர்களையும் ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். மேடையில் சால்வை போட வேண்டாம். பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்காரவைத்து, கையால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அன்று கிளம்பும்போது அந்தத் தாத்தாவிடம் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் வருவீர்களா என்று. தன் பேத்தியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "வரேன் டீச்சரம்மா. கடல்லேந்து கரை ஏற ஒம்போது மணி ஆவும். பத்து மணிக்கு மேல வச்சுக்கச் சொல்லுங்க. ஊசி மட்டும் பத்தாது, நூலுகண்டும் எடுத்தாரேன். புள்ளைங்க எத்தினி பேருன்னு முன்னாடியே சொல்லிட்டா ஆளுக்கொரு ஊசி சீவிடலாம்."

எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சமூகவியல் ஆசிரியை,
திருவான்மியூர், சென்னை.